ஒரே காரில் நாலு வழி: குரோமைக் கறுப்பாக்கிய முழுக் கதை

காரில் வெள்ளி மாதிரி மின்னுகிற குரோம் பாகங்கள் பிடிக்காமல் போய் நான் இந்த வேலையில் இறங்கவில்லை. ஏழு வயதான கார், சாம்பல் நிறம், மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சுற்றி ஓடும் பீடிங்கில் மட்டும் பால் கொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம். கழுவினாலும் போகவில்லை, மெழுகு போட்டால் இரண்டு நாள் மறைந்து மூன்றாம் நாள் திரும்பி வந்தது. சரி, கறுப்பாக்கிவிட்டால் தெரியாதே என்று பீடிங்கில் ஆரம்பித்த யோசனை, முன்பக்க வலையான கிரில், கதவுக் கைப்பிடி, டிக்கிப் பட்டை, பின்னால் இருக்கிற எழுத்துகள் என்று ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டது. ஒன்றைக் கறுப்பாக்கினால் பக்கத்தில் மிச்சமிருக்கிற குரோம் முன்பைவிட அதிகமாகக் கண்ணைக் குத்தும் என்பதை இதில் இறங்கிய எல்லோரும் சொல்வார்கள்.

ஐந்து இடம், நாலு வழி. உரித்தெடுக்கும் ரப்பர் ஸ்ப்ரே, வினைல் என்கிற ஒட்டுப் படலம், பெயின்ட், பாகத்தையே மாற்றுவது. எல்லாம் ஒரே வண்டியில், ஒரே வெயிலில், ஒரே கழுவலில். முதல் வேலை முடிந்து இப்போது இரண்டரை வருடம் ஆகிறது. கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதுவுமே பாகத்தின் நடுவில் கெட்டுப்போகவில்லை. கெட்டதெல்லாம் விளிம்பில்தான். எந்த நிறம், எந்த பிராண்ட் என்று நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஒவ்வொரு பாகத்தின் விளிம்பும் எங்கே போய் முடிகிறது, யார் கை அதில் படும், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

குரோம் மாதிரி இருப்பதெல்லாம் குரோம் இல்லை

முதல் தப்பு, ஐந்தையும் ஒரே பொருளாக நினைத்தது. கிரில்லும் கைப்பிடியும் டிக்கிப் பட்டையும் உள்ளே ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதன் மேல் செம்பு, செம்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோம். நாம் கண்ணாடி மாதிரி பார்ப்பது பெரும்பாலும் நிக்கலின் வழவழப்பு, குரோம் அதற்கு மேல் ஒரு கடினமான மூடி, கொஞ்சம் நீலச் சாயல், அவ்வளவுதான். ஜன்னல் பீடிங் அப்படி இல்லை. சில கார்களில் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சிலவற்றில் அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே கடினமான தோல் உண்டாக்கிய அலுமினியம், சிலவற்றில் பிளாஸ்டிக்கில் முலாம். ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பீடிங்குக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தைப் பிடிக்கிற ரகம், அலுமினியம் பிடிக்காது. நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் தனியாகத் தெரிந்துவிடும்.

என்னுடையது அலுமினியம். வெள்ளைப் படலத்தின் கதையும் அப்போதுதான் புரிந்தது. அனோடைஸ் செய்த தோல், காரத்தன்மை அதிகமான கழுவு திரவத்தையும் அமிலத்தையும் தாங்காது. நான் சக்கரத்துக்கு அடிக்கிற கிளீனரை ஜன்னல் வரைக்கும் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன், வருஷக் கணக்கில். அது அழுக்கு இல்லை, உலோகத்தின் தோலே அரித்துப்போனது. துடைத்தால் எப்படிப் போகும்?

பெயின்ட் தூளைத் தூவிப் பதிக்கிற பவுடர் கோட்டிங்கை இந்த இடத்திலேயே கழித்துக்கட்டினேன். அதை அடுப்பில் 180, 200 டிகிரி செல்சியஸில் வைத்து உருக்கிப் பதிக்க வேண்டும், ஏபிஎஸ் அதற்கு ரொம்ப முன்னாலேயே குழைந்துவிடும். அலுமினியப் பீடிங்குக்குச் செய்யலாம். ஆனால் அதைக் கழற்றும்போது வளைந்தால் மறுபடி நேராகாது, கிளிப்புகள் உடையும், ரப்பரோடு சேர்த்தே வார்த்திருந்தால் அடுப்பில் வைக்கவும் முடியாது.

எழுத்துகள்: ஒரு மணி நேர வேலை

இதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தேன், பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தேன். எழுத்திருந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட் மாதிரி, சுற்றிலும் வெயில் பட்ட பெயின்ட். கம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று, மிச்சம் இன்னும் மாலை வெயில் சாய்வாக அடிக்கும்போது லேசாகத் தெரிகிறது. கறுப்பாக்குவதைவிட எடுத்துவிடுவது சுத்தம் என்பது என் எண்ணம்.

முன்பக்க லோகோவை மட்டும் தொடவில்லை. என் காரில் ரேடார் கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன்: முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாக வேகத்தைக் குறைக்கிற வசதி உங்கள் காரில் இருந்தால், அதன் ரேடார் பல கார்களில் லோகோவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். அந்த லோகோ பார்க்கத்தான் குரோம், உள்ளே ரேடார் அலை ஊடுருவிப் போகும்படி தனியாகச் செய்தது. அதன் மேல் உலோகத்தூள் கலந்த பெயின்டோ கனமான ரப்பர் பூச்சோ போட்டால் ரேடாருக்குக் கண் மறைந்துவிடும். ஒன்றும் ஒட்டாதே, ஒன்றும் பூசாதே என்று வண்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். பார்க்கிங் சென்சாருக்கும் அதே எச்சரிக்கை, பூச்சு கனமானால் அது தடுமாறும். பின் பம்பரில் இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கறுப்பாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியாமல் நிற்கும்போது ராத்திரியில் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் காரைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கிரில்: ரப்பர் ஸ்ப்ரேயும் மூன்று மாலைகளும்

கிரில்லுக்கு முதலில் ரப்பர் ஸ்ப்ரே அடித்தேன், பிளாஸ்டி டிப் என்று கிடைக்கிறதே அந்த வகை. பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்பதுதான் ஆசை காட்டியது. பம்பரையும் பானெட்டையும் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடி, முதல் கோட்டைப் பாதி குரோம் தெரிகிற அளவுக்குத் தூவல் மாதிரி, அப்புறம் அரைமணி இடைவெளியில் இன்னும் நாலு கோட். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும், காய்ந்தபிறகு இழுத்தால் டேப்போடு ரப்பரும் வரும். அன்று சாயங்காலம் பார்க்க அற்புதமாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

ஐந்தாவது மாதம், தண்ணீர் பீச்சுகிற பம்ப்பை வைத்துக் கழுவும்போது கிரில்லின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு கிளம்பியது. அடுத்த கழுவலில் அது விரல் நீளம். சரி, உரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பட்டையான இடங்களில் தோல் மாதிரி ஒரே இழுப்பில் வந்தது, சந்தோஷமாக இருந்தது. வலைப்பகுதியில் வரவில்லை. அங்கே ஒவ்வொரு குறுக்குக் கம்பியின் உள்மூலையிலும் ஸ்ப்ரே சரியாகப் போய்ச் சேரவில்லை, அதனால் ரப்பர் மெலிசாகப் படிந்திருக்கிறது. கனமாக இருந்தால்தான் தாளாக உரியும், மெலிசாக இருந்தால் அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு உருண்டுதான் வரும். மூன்று மாலை, ஒரு கட்டுக் காதுக் குச்சி. உரித்தெடுக்கலாம் என்ற அந்த வாக்குறுதி நான் அடித்த கனத்துக்குள்தான் இருந்தது, டப்பாவில் இல்லை. அந்த ரப்பர் பெட்ரோல் பட்டாலும் கரையும், ஆகவே பெட்ரோல் மூடிப் பக்கம் அடிக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்கப்புறம் செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். இதே மாடலில் ஸ்போர்ட்ஸ் வகை ஒன்று உண்டு, அதன் கிரில் தொழிற்சாலையிலேயே கறுப்பு. உதிரிபாகமாக வாங்கினேன். கவனிக்க வேண்டியது மூன்று: கம்பெனி அந்த மாடலின் முகத்தோற்றத்தை மாற்றுவதற்கு முந்தைய வருடமா பிந்தையதா, முன் கேமரா ஓட்டை இருக்கிறதா, கிளிப்புகளின் இடம் ஒன்றா. பம்பரைத் தளர்த்திப் பழையதை எடுத்துப் புதியதை அழுத்தினால் ஆயிற்று. அது வார்க்கும்போதே கறுப்பான பிளாஸ்டிக், கல் அடித்தாலும் உள்ளேயும் கறுப்புதான். உரிவதற்கு விளிம்பே கிடையாது. பழைய குரோம் கிரில்லைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன், வண்டியை விற்கிற அன்று தேவைப்படலாம்.

பீடிங்: இங்கேதான் காலம் முழுக்கப் போயிற்று

பீடிங்கைக் கழற்றக் கூடாது என்று தீர்மானமாக இருந்ததால் வினைல்தான் வழி. வினைலில் இரண்டு சாதி. காலண்டர் செய்தது, அதாவது உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்துத் தட்டையாக்கியது. அது இழுபட்ட ஞாபகத்தோடேயே இருக்கும், வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்தது, அந்த இழுவிசை உள்ளே இல்லை. பீடிங் மாதிரி ஒல்லியான, வளைவான இடத்துக்குக் காஸ்ட் தவிர வேறு யோசிக்க வேண்டாம். நான் எடுத்தது 3எம் 2080 வரிசை, சுமார் 90 மைக்ரான் கனம். அதில் கறுப்பு மூன்று வகை: ஜி12 பளபளப்பு, எஸ்12 சாட்டின், அதாவது மிதமான மினுமினுப்பு, எம்12 மேட், அதாவது பளபளப்பே இல்லாதது.

எதை எடுப்பது? பளபளப்புதான் என்று முடிவு கட்டியிருந்தேன். நல்ல வேளையாக மூன்றிலும் விரல் அகலத் துண்டு வாங்கி, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவிலிருக்கும் தூணில் ஒட்டிப் பார்த்தேன். அந்தத் தூண் தொழிற்சாலையிலேயே கறுப்பு, பீடிங் அதைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. காலை நிழலில் மூன்றும் ஒன்றுபோல இருந்தன. மதிய வெயிலில் பளபளப்புத் துண்டு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது, சாட்டின் எங்கே ஒட்டினேன் என்று தேட வேண்டியிருந்தது. சாட்டினே எடுத்தேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பளபளப்பு, அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே மருவாகக் காட்டும், சாட்டின் கொஞ்சம் மறைத்துக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு முன்னால் அந்த வெள்ளைப் படலத்தை எடுக்க வேண்டும், சொரசொரப்பின் மேல் பசை முழுசாகப் படியாது. 600, 1000, 2000 என்று வரவர நைசாகும் உப்புத்தாள், தண்ணீர் விட்டு, ஒரு கதவுக்கு முக்கால் மணி நேரம். இதில் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. தேய்த்ததோடு மிச்சமிருந்த அனோடைஸ் தோலும் போய்விட்டது. நாளைக்கு வினைலை உரித்தால் கிடைக்கப்போவது பழைய பீடிங் இல்லை, பாதுகாப்பே இல்லாத வெறும் அலுமினியம். வினைல் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம் என்பது நல்ல நிலையில் இருக்கிற பீடிங்குக்குத்தான் பொருந்தும்.

அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்தேன். மேல்பக்கம் சுலபம். பீடிங்குக்கும் கண்ணாடி ரப்பருக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் ஏழு வருட மெழுகு பதுங்கியிருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் துணி சுற்றி அங்கே விட்டு இழுத்தால், ஒவ்வொரு முறையும் துணி கறுப்பாக வந்தது. வெள்ளையாக வரும் வரை விடக் கூடாது. ஏனென்றால் வினைலின் விளிம்பு போய் ஒளிந்துகொள்ளப்போவது அந்தச் சந்துக்குள்தான்.

ரப்பர் இருக்கிற பக்கம் விளிம்பு உள்ளே செருகிக்கொள்ளும், கவலையில்லை. பெயின்ட் அடித்த தகரத்தைத் தொடுகிற பக்கம் செருக இடமே இல்லை, அங்கேயே வெட்ட வேண்டும். முதல் கதவில் பிளேடால் வெட்டினேன். கை ரொம்ப லேசாகத்தான் வைத்தேன், இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பெயின்ட் கீறிவிட்டது. டச்சப் பேனாவால் அடைத்திருக்கிறேன், துரு வருகிறதா என்று இன்றைக்கும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதற்கப்புறம் நூல் டேப் வாங்கினேன். நடுவில் ஒரு நூல் ஓடுகிற டேப் அது. அதை விளிம்போடு ஒட்டி, மேலே வினைலை ஒட்டி, நூலைப் பிடித்து இழுத்தால் வினைல் மட்டும் அறுபடும், பிளேடு வண்டிப் பக்கமே வராது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூலைதான் அடுத்த பாடம். பின் ஜன்னலின் கடைசியில் பீடிங் சட்டென்று கொக்கி மாதிரி வளைந்து மேலே ஏறும். ஒரே துண்டாகச் சூடாக்கி இழுத்து வளைத்தேன், பெருமையாகப் போட்டோ எல்லாம் எடுத்தேன். ஒரு மாதத்தில் வினைல் இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கி, நுனியில் நகத்தின் பிறை மாதிரி வெள்ளியாக ஒரு கீற்று எட்டிப் பார்த்தது. செய்யாமல் விட்டது என்னவென்றால், ஒட்டி முடித்தபிறகு இழுபட்ட இடத்தை மட்டும் மறுபடி 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது. அந்தச் சூட்டில்தான் படலம் தன் பழைய வடிவத்தை மறக்கும். கையால் தொட்டு உத்தேசமாகச் சொல்ல முடியாது, தொடாமல் வெப்பம் பார்க்கிற கருவி வேண்டும். இரண்டாம் முறை இழுக்காமல் இரண்டு துண்டாகவே ஒட்டினேன். ஓடு வேய்கிற மாதிரி மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் அரை சென்டிமீட்டர் ஏறி நிற்கும்படி, தண்ணீர் வழிந்து ஓட. சாட்டினில் அந்த ஒட்டுத் தெரியவே இல்லை, நான் விரலை வைத்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது.

கைப்பிடி: கறுப்பு நிலைக்கவில்லை

பீடிங் வந்துவிட்ட தைரியத்தில் நாலு கைப்பிடிக்கும் வினைல் ஒட்டினேன். நாலே மாதம். கைப்பிடி எல்லாப் பக்கமும் உருண்டு வளைந்தது, வினைல் முழுக்க இழுபட்டுத்தான் உட்காரும், விளிம்பு முடிகிற இடமோ கைப்பிடியின் உள்பக்கம், அதாவது சரியாக நாலு விரல் நுழைகிற இடம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நகம் அந்த விளிம்பைச் சுரண்டும், கை வியர்வையும் எண்ணெயும் பசையில் இறங்கும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடி முதலில் போயிற்று, பின்பக்க இரண்டும் இன்னும் நன்றாக இருந்தன என்பதே எனக்குப் போதுமான சாட்சியாகப் பட்டது. இதே மாடலின் கீழ் வகையில் கைப்பிடிக்குக் குரோமே கிடையாது, வெறும் பிளாஸ்டிக்கின் மேல் பெயின்ட். அதை வாங்கி வண்டியின் சாம்பல் நிறத்திலேயே அடித்தேன். கறுப்பாக இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறது, கைப்பிடி இருப்பதே கண்ணில் படவில்லை.

டிக்கிப் பட்டை: பெயின்ட்

நம்பர் பிளேட்டுக்கு மேல் ஓடுகிற அகலப் பட்டை இது. கழற்ற முடியும், பட்டையான பரப்பு, விளிம்பு பின்னால் மடிந்து போகிறது. பெயின்டுக்கு ஏற்ற பாகம் இதுதான். நண்பரின் பட்டறையில் பெயின்டர் அண்ணன் பார்த்ததும் சொன்ன ஒரு வாக்கியம், நான் படித்த எல்லாவற்றையும்விட உபயோகம்: "தம்பி, குரோம் மேல பிரைமர் நிக்காது, கீறல்லதான் நிக்கும்."

பிரைமர் என்பது பெயின்டுக்கு அடியில் போடுகிற பிடிப்புப் பூச்சு. கடையில் நான் வாங்கி வந்திருந்த பிளாஸ்டிக் ஒட்டுப் பிரைமரை ஓரமாக வைத்துவிட்டார். அது பாலிபுரோப்பிலீன் மாதிரி வெறும் பிளாஸ்டிக்குக்கு, குரோமுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அமிலம் கலந்த எட்ச் பிரைமரும் இரும்பையும் அலுமினியத்தையும்தான் கடிக்கும், குரோம் அசையாது. 320 உப்புத்தாளில் கண்ணாடிப் பளபளப்பு முழுக்கச் செத்து ஒரே சாம்பலாகும் வரை தேய்த்தது, எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் 600, கறுப்பு, கடைசியாக 2கே கிளியர், அதாவது ஹார்டனர் என்கிற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சு. தேய்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பட்டையின் மடிப்பு விளிம்பில் கை அழுந்திவிட்டது, முதலில் லேசான மஞ்சளாக நிக்கல், அடுத்த நிமிஷம் சிவப்பாகச் செம்பு. விளிம்பில்தான் எப்போதும் முதலில் அறும், அங்கே உப்புத்தாளை விரலில் சுற்றி இரண்டே இழுப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். பிரைமர் மூடிவிட்டது, ஆனாலும் இரண்டரை வருடத்தில் இந்தப் பட்டையில் பெயின்ட் தெறித்த ஒரே இடம் அதுதான். டிக்கியை மூடக் கை வைக்கிற இடமும் அதுவே.

2கே கிளியரைப் பற்றி ஒன்று. டப்பாவின் அடியில் பொத்தானை அழுத்திக் கலக்குகிற ஸ்ப்ரே கேனாகவே இப்போது கிடைக்கிறது, ஆகவே வீட்டிலேயே அடிக்கத் தோன்றும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஒரு முறை நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இறுகும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அண்ணன் குழாயில் வெளிக்காற்று வருகிற முகமூடி போட்டுக்கொண்டுதான் அடித்தார், என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். குரோமை அமிலத்தில் கரைத்து எடுக்கிற வழியும் உண்டு, அது முலாம் பட்டறைக்காரர்களின் வேலை, வீட்டில் பக்கெட்டில் வைத்துச் செய்து பார்க்கிற சமாசாரம் இல்லை. உங்கள் குரோம் ஏற்கெனவே கொப்புளித்திருந்தால் பெயின்டும் வேண்டாம், வினைலும் வேண்டாம். மேலே போட்டதையும் சேர்த்துக்கொண்டு அது உதிரும், பாகத்தையே மாற்றுங்கள்.

இப்போதைய நிலவரம்: கிரில் வாங்கிய அன்று போலவே இருக்கிறது. டிக்கிப் பட்டையில் அரிசி அளவு ஒரு தெறிப்பு. பீடிங்கில் நிறம் மங்கவில்லை, கண்ணாடிக்குக் கீழே தூசி படுகிற தட்டையான ஓட்டத்தில் மெல்லிய கீறல்கள் உண்டு, பம்ப் தண்ணீரை இரண்டடி தள்ளி நின்று அடிக்கப் பழகிக்கொண்டேன். போன மாதம் இடது பின் கதவின் கீழ் மூலையில் ஒரு சென்டிமீட்டர் கிளம்பியிருந்தது. சந்தைத் துடைத்துச் சூடாக்கி அழுத்திவிட்டேன், அடுத்த கோடை வரை நிற்கும் என்று நினைக்கிறேன். வினைல் சுருளில் ஒரு கதவுக்கு வேண்டியது மிச்சம் இருக்கிறது.